ரேஞ்ச்பைண்டர் டிஜிட்டல் கேமராவுடன் தெருவில் இறங்கலாமா?

சுற்றுலா சென்று திரும்பியவுடன் நாம் செய்யும் முதல் வேலை, மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, எடுத்த படங்களைப் பார்ப்பதுதான். கோவில், கோட்டை, கடற்கரை எல்லாம் நன்றாக வந்திருக்கும். ஆனால் தெருவிலும் சந்தையிலும் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஏமாற்றிவிடும். பூக்கூடையைத் தூக்கித் தலையில் வைக்கும் பெண்ணை எடுத்திருப்போம். படத்தில் அவர் முதுகு மட்டும் இருக்கும். டீ ஆற்றுபவரை எடுத்திருப்போம். டீ ஏற்கனவே டம்ளருக்குள் போயிருக்கும். பின்னால் உள்ள சுவர் பளிச்சென்று தெரிய, முன்னால் நிற்கும் மனிதர் கலங்கித் தெரிவார்.

இதற்கு மெகா பிக்ஸல் குறைவு காரணம் இல்லை. பட்டனைப் பாதி அழுத்தி, கேமரா போகஸ் தேடி, "பீப்" என்று சொன்ன பிறகு முழுவதும் அழுத்துகிறோம். அதற்குள் தெரு நகர்ந்துவிடுகிறது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் இந்த வேலையை மிக வேகமாகச் செய்கின்றன. முகத்தையும் கண்ணையும் அவையே கண்டுபிடிக்கின்றன. ஆனாலும் நெரிசலான சந்தையில் இருபது முகங்கள் இருந்தால், எந்த முகம் வேண்டும் என்பதைக் கேமரா முடிவு செய்துவிடுகிறது. அதைத் திருத்துவதற்குள் மீண்டும் காட்சி போய்விடும்.

இந்தப் பிரச்சினைக்கு ஆட்டோ போகஸ் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரு தீர்வு இருந்தது. அதுதான் ரேஞ்ச்பைண்டர் கேமரா. அதன் டிஜிட்டல் வடிவத்தில் ஆட்டோ போகஸ் கிடையாது. ஜூம் கிடையாது. விலையோ பல லட்சம். இருந்தும் பயணப் படங்களும் தெருப் படங்களும் எடுப்பவர்கள் இதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஏன், நாமும் வாங்கலாமா, வாங்காமலே இதன் பயனைப் பெற முடியுமா என்று பார்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது?

நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால்தான் தூரம் தெரிகிறது. ரேஞ்ச்பைண்டரும் இதையே செய்கிறது. கேமராவின் முகப்பில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். ஒன்று நாம் பார்க்கும் வியூ பைண்டர். மற்றொன்று சிறியது, அதன் வழியே வரும் பிம்பம் ஒரு பிரிசம் மூலமாக வியூ பைண்டரின் நடுவில் சிறு கட்டமாக விழும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் கட்டத்துக்குள் இருக்கும் பிம்பம் இடமோ வலமோ நகரும். இரண்டு பிம்பங்களும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தினால் போகஸ் சரி. பாட்டரி வேண்டாம், மோட்டார் வேண்டாம். எல்லாம் நெம்புகோல் வேலை.

இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே உள்ள இடைவெளி அதிகமானால் அளவு துல்லியமாகும். லைக்கா எம் வரிசையில் இது 69.25 மி.மீ.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். இங்கே அப்படி இல்லை. பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். படம் எது வரை வரும் என்பதை ஒளிரும் கோடுகள் காட்டும். கோட்டுக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். தெருவில் படம் எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சைக்கிள்காரர் கட்டத்துக்குள் நுழையும் முன்பே அவர் வருவது தெரிந்துவிடுகிறது. படம் எடுக்கும் நொடியில் எஸ்.எல்.ஆர். போல வியூ பைண்டர் இருண்டு போவதும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே வியூ பைண்டரில் எல்லாம் அழகாகத் தெரியும். பிலிம் காலத்தில் முழு ரோல் கறுப்பாக வந்த கதைகள் ஏராளம். டிஜிட்டலில் ஒரு கறுப்புப் படத்தோடு தப்பித்துக்கொள்ளலாம்.

பிரிண்டர் கம்பெனி செய்த முதல் கேமரா

1932ல் வந்த லைக்கா கேமராவில் ரேஞ்ச்பைண்டர் லென்ஸுடன் இணைக்கப்பட்டது. 1954ல் வந்த எம்3, வியூ பைண்டரையும் ரேஞ்ச்பைண்டரையும் ஒரே ஜன்னலில் சேர்த்தது. அந்த எம்3க்குச் செய்த லென்ஸ்கள் இன்றைய டிஜிட்டல் எம் கேமராவிலும் பொருந்தும். கம்ப்யூட்டர் உலகில் பத்து வருடத்துக்கு முந்தைய கேபிளே பொருந்துவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

தெருப் புகைப்படக் கலையின் பெரியவராகக் கருதப்படும் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை லைக்காவுடனும் 50 மி.மீ. லென்ஸுடனும் கழித்தவர். 1948 ஜனவரி 30 அன்று, காந்திஜி சுடப்படுவதற்குச் சற்று முன்பு டெல்லியில் அவரைச் சந்தித்தவர். இறுதி ஊர்வலத்தை அவர் எடுத்த படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர் மறைந்தது 2004ல். அதே 2004ல்தான் உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் விற்பனைக்கு வந்தது.

அதைச் செய்தது லைக்கா அல்ல. நம் வீட்டுப் பிரிண்டர் மூலம் நமக்குத் தெரிந்த எப்சன்! கேமராவின் பெயர் ஆர்-டி1. ஜப்பானின் கொசினா நிறுவனம் தயாரித்த பெஸ்ஸா பிலிம் கேமராவை அடிப்படையாகக் கொண்டு, உள்ளே 6.1 மெகா பிக்ஸல் சி.சி.டி. சென்சாரை வைத்தார்கள். மேல் பகுதியில் கைக்கடிகாரம் போல முள் வைத்த டயல். மீதி எத்தனை படங்கள், பாட்டரி எவ்வளவு, படத்தின் தரம், ஒயிட் பாலன்ஸ் எல்லாவற்றையும் முள்களே காட்டும். பின்பக்கத்து எல்.சி.டி. திரையைத் திருப்பி மூடி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் முன்பு பிலிம் கேமரா போல நெம்புகோலை இழுத்து ஷட்டரைத் தயார் செய்ய வேண்டும். நகர்த்துவதற்கு உள்ளே பிலிமே இல்லை என்றாலும்!

லைக்கா தன் எம்8 கேமராவை 2006ல் கொண்டு வந்தது. 10.3 மெகா பிக்ஸல். 2009ல் வந்த எம்9, 18 மெகா பிக்ஸலுடன் முழு அளவு சென்சாரைப் பெற்றது. 2012ல் கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் மோனோக்ரோம், 2016ல் பின்பக்கத் திரையே இல்லாத எம்-டி, 2017ல் எம்10, 2022ல் 60 மெகா பிக்ஸலுடன் எம்11 என்று வரிசை நீண்டது. பிரான்சில் பிக்ஸி என்ற சிறு நிறுவனமும் திரை இல்லாத ரேஞ்ச்பைண்டர் ஒன்றைச் செய்கிறது. படங்களை மொபைல் போனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூஜிபில்ம் எக்ஸ்100, எக்ஸ்-ப்ரோ கேமராக்களைப் பலர் ரேஞ்ச்பைண்டர் என்றே சொல்கிறார்கள். தோற்றம் அப்படி, ஓரத்தில் ஜன்னலும் உண்டு. ஆனால் அவற்றில் போகஸ் செய்வது ஆட்டோ போகஸ்தான். நல்ல கேமராக்கள், வேறு ஜாதி.

போகஸை முதலிலேயே முடித்துவிடுங்கள்

இரண்டு பிம்பங்களைப் பொருத்திப் பொருத்தி எடுத்தால் தெருவில் தாமதம் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். அதனால் அனுபவப்பட்டவர்கள் பெரும்பாலான தெருப் படங்களுக்கு ரேஞ்ச்பைண்டரைப் பயன்படுத்துவதே இல்லை! லென்ஸின் மேல் பொறித்திருக்கும் தூர அளவைப் பார்த்து, போகஸை முதலிலேயே ஒரு தூரத்தில் வைத்துவிடுகிறார்கள். இதற்கு ஜோன் போகஸ் என்று பெயர்.

லென்ஸை 3 மீட்டரில் வைத்தால், 3 மீட்டரில் இருப்பது மிகத் துல்லியமாகத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட தூரம் வரை போதுமான தெளிவு இருக்கும். அபர்ச்சரைச் சிறிதாக்கினால் இந்தப் பகுதி நீளும். அகன்ற கோண லென்ஸ் போட்டால் இன்னும் நீளும்.

கணக்கைப் பாருங்கள். முழு அளவு சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ், அபர்ச்சர் எப்/8, போகஸ் 3 மீட்டர். சுமார் 1.9 மீட்டரில் இருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதாவது நம் கைக்குச் சற்று அப்பால் தொடங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் வரை. 28 மி.மீ. லென்ஸை எப்/8ல் 2.5 மீட்டரில் வைத்தால் 1.4 மீட்டரில் இருந்து 10 மீட்டர் வரை கிடைக்கும். இனி யாரைப் படம் எடுத்தாலும் போகஸ் செய்ய வேண்டியதில்லை. கேமராவைத் தூக்கி, பட்டனை அழுத்தினால் போதும். எந்த ஆட்டோ போகஸும் இந்த வேகத்துக்கு ஈடாகாது. ஏனென்றால் இங்கே செய்ய வேலையே இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரண அளவு பிரிண்டை மனதில் வைத்துப் போடப்பட்டது. 60 மெகா பிக்ஸல் படத்தை மானிட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தத் தெளிவு இருக்காது. அப்படிப் பெரிதாக்கும் வழக்கம் உள்ளவர்கள், எப்/8 வைத்துக்கொண்டு லென்ஸில் எப்/5.6க்குக் குறித்திருக்கும் எல்லைகளை நம்புவது நல்லது.

3 மீட்டர் என்றால் எவ்வளவு? சாதாரணமாக நடக்கும் நான்கு அடி வைப்புகள். இதை வீட்டு வராந்தாவில் பழகலாம். தூணில் இருந்து நான்கு எட்டு வைத்துத் திரும்பிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கண்ணுக்கே அளவு தெரிந்துவிடும். டேப் வைத்து ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்கத்தாவில் இரண்டு இடங்கள்

எம்8 கேமராவுக்கும் 28 மி.மீ. லென்ஸுக்கும் ஏற்ற ஊர் கொல்கத்தா என்பேன். சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயில் ஏறினால் ஹௌராவில் இறங்கலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பாலத்தைக் கடந்தால், மறுகரையில் பாலத்தின் அடியிலேயே மல்லிக் காட் பூ மார்க்கெட். விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். மலைப்பாம்பு போலச் சுருட்டிய செண்டுமல்லி மாலைகளைத் தோளிலும் தலையிலும் சுமந்து மனிதர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். நின்று போகஸ் செய்ய இடம் இருக்காது. பின்னால் வருபவர் தள்ளிவிடுவார்.

இங்கே ஜோன் போகஸ்தான் ஒரே வழி. எம்8ன் சென்சார் சற்றுச் சிறியது என்பதால் 28 மி.மீ. லென்ஸ் 37 மி.மீ. போல நடந்துகொள்ளும். 3 மீட்டர், எப்/8 வைத்தால் 1.8ல் இருந்து 9 மீட்டர் வரை தெளிவு. வெயில் ஏறுவதற்கு முன் எப்/8க்கு வெளிச்சம் போதாது. எப்/5.6 வையுங்கள், இப்போது 2 மீட்டரில் இருந்து 5.7 மீட்டர் வரை. ஐ.எஸ்.ஓ. 640. ஷட்டர் வேகம் 1/250க்குக் கீழே போனால் சுமை தூக்கி ஓடுபவரின் கால்கள் கலங்கும். எம்8ல் 640க்கு மேல் ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் படத்தில் புள்ளிகள் அதிகமாகும். அதைவிடக் கலங்கிய கால் மேல் என்பது என் கட்சி. பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு இடையே வெயில் இறங்கும் ஏழு மணி வாக்கில் எல்லாம் மாறும். ஒரு பக்கம் கண் கூசும் வெளிச்சம், மறு பக்கம் இருட்டு. ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்திவிட்டு, வெயிலில் உள்ள முகத்துக்கு ஒரு முறை அளந்து, ஷட்டர் டயலை அதிலேயே நிறுத்திவிடுங்கள். நிழலில் இருப்பது கறுத்துப் போகட்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்து நில்லுங்கள். அலைய வேண்டாம். படிக்கட்டு அருகே, மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு, அந்தக் கல்லை மிதிப்பவர்களை எடுங்கள். அரை மணி நேரத்தில் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். அங்கே மண் குவளையில் டீ கிடைக்கும். இரண்டு குவளை குடிக்கும் நேரம் ஒரே இடத்தில் நின்றால் வரும் படங்கள், இரண்டு மணி நேரம் சுற்றினாலும் வராது. பாலத்தின் மேல் நின்று எடுக்க வேண்டாம்; காவலர்கள் தடுப்பது வழக்கம்.

குமார்துலி இதற்கு நேர் எதிர். துர்கா பூஜைக்கு முந்தைய மாதங்களில் சந்து முழுவதும் வைக்கோலும் ஆற்று மண்ணும் கொண்டு செய்த சிலைகள். பட்டறைக்குள் ஒரே ஒரு பல்பு எரியும். கலைஞர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தேவியின் கண்ணை வரைந்துகொண்டிருப்பார். இங்கே அபர்ச்சரை எப்/2 வரை திறக்க வேண்டியிருக்கும். தெளிவுப் பகுதி சில அங்குலமாகச் சுருங்கிவிடும். இப்போதுதான் ரேஞ்ச்பைண்டர் கட்டத்துக்கு வேலை. விளக்கொளியில் தூரிகையின் கோட்டைப் பொருத்துங்கள். எஸ்.எல்.ஆரில் போல மேலெழும் கண்ணாடி இல்லாததால் அதிர்வு குறைவு. சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்தால் 1/30, கை நடுங்காதவர்களுக்கு 1/15 கூடச் சாத்தியம். படம் எடுக்கச் சிலர் கட்டணம் கேட்பதும் உண்டு. கொடுத்துவிடுங்கள், அவர்கள் வேலை நேரத்தில் நாம் குறுக்கே நிற்கிறோம்.

மனிதர்களைப் படம் எடுக்கும்போது

சிறிய கேமரா, சத்தம் குறைவு, யாருக்கும் தெரியாமல் எடுக்கலாம் என்று இந்தக் கேமராக்களுக்குப் பரிந்துரை செய்வதைப் படித்திருப்பீர்கள். முதலாவது சரி. இரண்டாவது பிலிம் லைக்காவுக்குப் பொருந்தும். எம்8ன் உலோக ஷட்டர் அமைதியானது இல்லை. மூன்றாவதை நான் ஏற்க மாட்டேன். 28 மி.மீ. லென்ஸுடன் இரண்டு மீட்டரில் நிற்பவரை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? இந்தக் கேமரா ஒளிந்து எடுப்பதற்கு ஏற்றதே அல்ல. டெலி லென்ஸ் வைத்து எதிர்க்கடையில் இருந்து எடுப்பவரைவிட, பக்கத்தில் நிற்பவருக்கு மறுப்புச் சொல்வது அவர்களுக்கு எளிது. அதுவே நியாயம்.

கொல்கத்தாவில் "தாதா, ஏக்டா சொபி துல்போ?" என்று கேட்டால் போதும். அண்ணா, ஒரு படம் எடுக்கட்டுமா என்று அர்த்தம். (நம் ஊர் சினிமா தாதா இல்லை, அங்கே தாதா என்றால் அண்ணன்.) தலையசைத்தால் எடுங்கள். கை காட்டி மறுத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்பவர்களுக்கு ஒரு யோசனை. கேட்ட பிறகு முதல் படத்தில் அவர் விறைப்பாக நிற்பார். அதை எடுங்கள், நன்றி சொல்லுங்கள், அங்கேயே இருங்கள். ஒரு நிமிடத்தில் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். கங்கைக் கரையில் சிதை எரியும் இடத்தில் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

லைக்கா கேமராக்கள் ரா பைலை டி.என்.ஜி. என்ற பார்மட்டில் பதிகின்றன. இது அடோப் நிறுவனம் 2004ல் வெளியிட்ட, விவரங்கள் எல்லோருக்கும் திறந்திருக்கும் பார்மட். எம்8ன் பைல் சுமார் 10 எம்.பி. தான், பழைய கம்ப்யூட்டரிலும் சிரமம் இல்லாமல் திறக்கும். எம்11ல் முழு அளவில் ஒரு படமே சுமார் 70 எம்.பி. ஆகும். ஆயிரம் படம் எடுத்தால் 70 ஜி.பி. அதில் 36, 18 மெகா பிக்ஸல் என்று குறைத்துக்கொள்ளும் வசதியும் தரப்பட்டுள்ளது. தெருப் படங்களுக்கு 18 தாராளம். படங்களைத் திருத்த டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இரண்டு சாப்ட்வேர் தொகுப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்தக் கேமராக்களில் ஒரு குறை உண்டு. லென்ஸ் முழுவதும் இயந்திரம் என்பதால், எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்பது கேமராவுக்குத் தெரியாது. படத்துடன் பதிவாகும் எக்ஸிப் தகவலில் அது இருக்காது, அல்லது உத்தேசமாக இருக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் சிறு நோட்டில் எழுதி வைப்பது உதவும்.

எந்த இடத்தில் எடுத்தோம் என்பதை மட்டும் பின்னால் சேர்க்க முடியும். மொபைல் போனில் நடந்த பாதையைப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை ஓட விட்டு, மாலையில் அதை ஜி.பி.எக்ஸ். பைலாகச் சேமியுங்கள். டார்க்டேபிள், டிஜிகேம் இரண்டிலும் அந்தப் பைலைக் கொடுத்தால், படம் எடுத்த நேரத்தையும் பாதையையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் இடத்தைக் குறித்துவிடும். கேமராவின் கடிகாரம் சில நிமிடம் தவறாக இருந்தால்? காலையில் முதல் படமாகப் போனின் கடிகாரத்தையே ஒரு படம் எடுத்துவிடுங்கள். வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சாப்ட்வேரில் கொடுக்கலாம்.

பயணத்தின்போது கேமராவிலேயே படங்களை அழிக்காதீர்கள். வெயிலில் சின்னத் திரையில் மோசமாகத் தெரியும் படம், வீட்டு மானிட்டரில் நன்றாக இருக்கலாம். ஒவ்வொரு இரவும் லேப்டாப்பில் ஒரு பிரதி, யு.எஸ்.பி. டிரைவில் ஒரு பிரதி. இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை, கேமராவில் வைத்து, பார்மட் செய்திடவும். டிரைவும் லேப்டாப்பும் ஒரே பையில் இருக்க வேண்டாம்.

பழையதை வாங்கும் முன்

எம்11 அறிமுகமானபோது விலை 8,995 டாலர். அன்றைய மதிப்பில் ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல். வரியும் லென்ஸும் தனி. எனவே ஆசைப்படும் பலர் தேடுவது செகண்ட் ஹேண்ட் எம்8, எம்9, ஆர்-டி1. இங்கேதான் கவனம் தேவை. ரேஞ்ச்பைண்டர் பகுதி ஐம்பது வருடம் உழைக்கும். அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அப்படி இல்லை. இருபது வயதான லேப்டாப்பை என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள்? அந்தக் கண்ணோடு பாருங்கள்.

எம்9ன் சென்சாரை மூடியிருக்கும் கண்ணாடி காலப்போக்கில் அரிக்கும். லைக்கா பல வருடங்கள் மாற்றிக் கொடுத்தது. 2020ல் மாற்றுச் சென்சார் இனி இல்லை என்று அறிவித்தது. ஆகவே சென்சார் மாற்றப்பட்டதா என்று ரசீதுடன் கேளுங்கள். வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எப்/16ல் எடுத்து, நூறு சதவீதத்தில் பாருங்கள். சுற்றிலும் ஒளிவட்டத்துடன் புள்ளிகள் தெரிந்தால் வாங்காதீர்கள். தூசியைத் துடைக்கலாம், இதைத் துடைக்க முடியாது.

எம்8ல் வேறு சிக்கல். அதன் சென்சார் அகச்சிவப்புக் கதிரையும் உள்ளே விடுகிறது. கறுப்பு நைலான், பாலியஸ்டர் துணிகள் ஊதாவாகத் தெரியும். லென்ஸின் முன்னால் யு.வி./ஐ.ஆர். பில்டர் போட்டால் சரியாகும். கேமரா வந்த புதிதில் லைக்காவே வாங்கியவர்களுக்கு இரண்டு பில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. உங்கள் லென்ஸுக்குப் பில்டர் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்கவும். கறுப்பு வெள்ளை மட்டும் எடுப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. எம்8ன் எல்.சி.டி. திரையில் காப்பிக் கறை போன்ற வட்டம் பரவியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றுத் திரை கிடைப்பது அரிது.

ஆர்-டி1க்கு 2 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டு ஏற்காது. அத்தகைய கார்டுகளே இப்போது தேட வேண்டிய பொருள். பழுதானால் எப்சன் பார்த்துக்கொள்ளாது. அழகான கேமரா, கூடவே வேறு கேமரா வைத்திருப்பவர் மட்டும் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் ரேஞ்ச்பைண்டரைச் சோதியுங்கள். தூரத்துச் செல்போன் டவரைப் பார்த்து லென்ஸை முடிவிலியில் நிறுத்தினால் இரண்டு பிம்பங்களும் பொருந்த வேண்டும். பின்னர் ஒரு மீட்டரில் அளவுகோலைச் சாய்த்து வைத்து, நடு எண்ணில் போகஸ் செய்து, அபர்ச்சரை முழுவதும் திறந்து எடுத்துப் பாருங்கள். வேறு எண் தெளிவாக இருந்தால் உள்ளே நெம்புகோல் விலகியிருக்கிறது. சரிசெய்யலாம், தெரிந்த மெக்கானிக் வேண்டும், செலவும் ஆகும். அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்கள் கூரியர், சுங்க வரி இரண்டையும் முதலிலேயே கூட்டிப் பார்க்கவும்.

ஓடிவரும் குழந்தையை, பறவையை, கோபுர உச்சிச் சிற்பத்தை எடுக்க நினைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். எம் லென்ஸ்களில் பெரும்பாலானவை 70 செ.மீ.க்கு அருகில் போகஸ் ஆகாது. 90 மி.மீ.க்கு மேல் வியூ பைண்டர் கோடு தபால் தலை அளவுக்குச் சுருங்கிவிடும்.

இருக்கும் கேமராவிலேயே ஒரு மாதம்

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. உங்களிடம் 18-55 மி.மீ. லென்ஸுடன் எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமரா இருந்தால், ஜூமை 24ல் நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அபர்ச்சர் எப்/8. நான்கு எட்டு தூரத்தில் ஒரு மின்கம்பத்தில் ஆட்டோ போகஸ் செய்து, உடனே மேனுவல் போகஸுக்கு மாற்றிவிடுங்கள். சுமார் 1.6 மீட்டரில் இருந்து 17 மீட்டர் வரை தெளிவாக வரும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, ஷட்டர் 1/250க்குக் கீழே போகாமல் அமையுங்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டும் வசதியை மெனுவில் நிறுத்திவிடுங்கள். பின்னர் உங்கள் ஊர் காய்கறி மார்க்கெட்டுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். ஜூம் இல்லையே என்று எரிச்சல் வந்தால், பல லட்சம் மிச்சம்.

பிடித்துப்போனால் அடுத்த படிக்கும் லைக்கா கட்டாயம் இல்லை. ரிக்கோ ஜி.ஆர். வரிசைச் சிறு கேமராக்களில் ஸ்னாப் போகஸ் என்ற வசதி உள்ளது. தூரத்தை 2.5 மீட்டர் போல முன்பே கொடுத்துவிட்டால், பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தும்போது கேமரா போகஸ் தேடாமல் அங்கேயே எடுத்துவிடும். அல்லது தூர அளவு பொறித்த ஒரு எம் லென்ஸை மட்டும் வாங்கி, அடாப்டர் மூலம் இப்போதுள்ள மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப் பயன்படுத்தலாம். கொசினா தயாரிக்கும் வோய்க்ட்லாண்டர் லென்ஸ்கள் லைக்கா விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கின்றன. நாளை ரேஞ்ச்பைண்டர் கேமரா வாங்கினால் அதே லென்ஸ் அதிலும் பொருந்தும். வாங்காவிட்டால், விற்கும்போது பாடி அளவுக்கு விலை இறங்காது.